ஒரே போர்டு, இரண்டு விலை

அந்த சர்க்யூட் போர்டின் மூலையில் இரண்டு நெயில் பாலிஷ் புள்ளிகள் இருந்தன. மெரூன் கலர். என் மனைவி ஜெயாவின் பாட்டிலிலிருந்து நான் திருடி வைத்த புள்ளிகள்.

அதைக் கொண்டுவந்து கொடுத்த கலாமணியக்காவின் போர்டில் ஒரு புள்ளிதான் இருக்க வேண்டும்.

"என்னுங்ணா, அப்படிப் பாக்கறீங்க? நெம்ப மோசமாப் போயிருச்சுங்களா?" என்றார். குன்னத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் நின்றபடியே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. மஞ்சள் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டூலின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார்.

"இல்லக்கா. லேசாத்தான் போயிருக்கு."

"அப்ப இன்னைக்கே குடுத்துருங்ணா. மிஷினு வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க. எங்கூட்டுக்காரரு வேற மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்காரு. நீங்க பாத்துச் செஞ்சாத்தான் உண்டு."

கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஓவர்லாக் தையல் மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இரைய ஆரம்பித்தன. நான் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த மாதத்தில் அவர் கொண்டுவந்த ஐந்தாவது போர்டு அது. அவரிடம் இருந்ததோ ஒரே மிஷின். அதில் இந்த வகை போர்டு மொத்தமே இரண்டுதான்.

ஒன்று, அவர் மிஷின் போர்டுகளைத் தின்கிறது. இல்லையென்றால் அவர் என்னைத் தின்றுகொண்டிருக்கிறார்.

ஊருக்கு ஒரே ஆள்

இந்த இடத்தில் என் அன்றைய அந்தஸ்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

தூத்துக்குடிப் பக்கம் டி.வி. ரிப்பேர் செய்துகொண்டிருந்த நான், திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்தக் கம்பெனி வெளிநாட்டிலிருந்து கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஒன்றை இறக்கியது. டி-ஷர்ட்டின் நெஞ்சில் பூவும் வாத்தும் கரடியும் தானாகத் தைக்கிற மிஷின். ஒரே நேரத்தில் பன்னிரண்டு சட்டைகளில் தைத்தால் பன்னிரண்டு ஹெட், இருபது சட்டைகளில் தைத்தால் இருபது ஹெட்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இந்த மிஷின்கள் மளமளவென்று வந்தன. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் புதிதாக வாங்கின. அவர்கள் கழித்துவிட்ட பழைய நாலு ஹெட், ஆறு ஹெட் மிஷின்களைச் சின்ன ஆட்கள் நகையை விற்று வாங்கித் தகரக் கொட்டகையில் நிறுத்தினார்கள்.

கரண்டுக்குப் பெரியவன் சின்னவன் தெரியாது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் எல்லா மிஷினிலும் ஒரே போர்டுதான் போகும். ஹெட் எத்தனை இருந்தாலும் போர்டு ஒரே வகைதான்.

போனால், மிஷின் விற்றவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் வேறு ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "புது போர்டு போடணும். நாற்பதாயிரம். வர பதினஞ்சு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் அதே போர்டைப் பிரித்துப் பார்த்தேன். கருகிப்போன ஐ.சி. ஒன்று, வீங்கிப்போன கெப்பாசிட்டர் இரண்டு. டி.வி.யில் பார்க்காததா? நாற்பது நிமிஷ வேலை. சாமான் செலவு இருநூறு ரூபாயைத் தாண்டாது.

வேலையை விட்டேன். திருப்பூரிலேயே மண்ணரைப் பக்கம் ஒரு அறை எடுத்தேன். 'டேவிட் எலக்ட்ரானிக்ஸ்' என்று பெயிண்டில் எழுதினேன். அதை யாரும் படிக்கவில்லை. எல்லோருக்கும் நான் 'போர்டுக்காரர்'தான். அந்த வேலைக்கு அப்போது இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

எப்போ? எவ்வளவு?

முதலில் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தேன். யார் வந்தாலும் இரண்டாயிரத்து ஐநூறு.

ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் சிவராஜ். ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் மேனேஜர். வெள்ளை கார், இரண்டு செல்போன். விலையைச் சொன்னேன். "அவ்வளவுதானுங்களா?" என்றார். அந்த 'தானுங்களா'வைக் கேட்டதும் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. எவ்வளவை விட்டுவிட்டேனோ!

அடுத்து, நாலு ஹெட் மிஷின் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். அதே விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துட்டு வர்றனுங்க" என்று பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். திரும்பி வரவே இல்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தேன். ஒரே விலை சொல்லி ஒருத்தரிடம் காசை விட்டேன், இன்னொருத்தரையே விட்டேன். விலை ஆளுக்குத் தகுந்த மாதிரி இருந்தால் இரண்டையும் பிடித்திருக்கலாமே?

ஆளை எப்படித் தெரிந்துகொள்வது? கார், செருப்பு, செல்போன் எல்லாம் பார்த்தேன். எல்லாமே ஏமாற்றின. லுங்கி கட்டிக்கொண்டு மொபெட்டில் வரும் முதலாளிகள் உள்ள ஊர் இது. பிறகு கண்டுபிடித்தேன். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி போதும்.

"எப்போங்க கிடைக்கும்?" என்று கேட்பவர் பெரிய ஆள். கப்பலுக்குத் தேதி குறித்திருக்கும். அவருக்கு ஐயாயிரம்.

"எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்பவர் சின்ன ஆள். அவருக்கு ஆயிரத்து இருநூறு.

யாருக்கு என்ன விலை சொன்னோம் என்பது மறந்துவிடக் கூடாதே! அதற்குத்தான் நெயில் பாலிஷ். ஐயாயிரத்துக்கு இரண்டு புள்ளி, ஆயிரத்து இருநூறுக்கு ஒரு புள்ளி. "பாட்டிலு என்ன இவ்வளவு சீக்கிரம் தீருது?" என்று ஜெயா கேட்டபோது, ஸ்குரூ கழலாமல் இருக்கப் போடுகிறேன் என்றேன். பாதி உண்மை.

அலமாரி

இதுவரை எழுதியதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதினேன். இனி வருவதை எழுதக் கை கூசுகிறது.

பெரியவர்களும் கெட்டிக்காரர்கள்தானே. சிவராஜே ஒரு நாள், "எவ்வளவுங்க ஆகும்?" என்று ஆரம்பித்துவிட்டார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் வேறு வழி யோசித்தேன். இன்றைக்கே வேண்டுமென்றால் ஐயாயிரம், நாலு நாள் பொறுத்தால் ஆயிரத்து இருநூறு. அவசரக்காரன் ஐயாயிரத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்?

வேலை என்னவோ இரண்டுக்கும் நாற்பது நிமிஷம்தான். ஆயிரத்து இருநூறு ரூபாய் போர்டையும் அன்றே முடித்துவிடுவேன். முடித்து, செக் செய்து, பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டி, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிடுவேன். நாலு நாள் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்தால் 'டேவிட் ஆயிரத்து இருநூறுக்கே அன்றைக்கே தருகிறான்' என்று ஊரெல்லாம் பரவிவிடும். அப்புறம் யார் ஐயாயிரம் கொடுப்பார்கள்? அதனால் சின்ன ஆட்களின் மிஷின்கள் கொட்டகையில் சும்மா நிற்க, அவர்களுடைய போர்டுகள் என் அலமாரியில் சுகமாகத் தூங்கின. நாலாம் நாள் வந்து கேட்டால், வியர்வையைத் துடைப்பதுபோல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் முடிச்சேன்" என்பேன்.

கலாமணியக்காவும் அப்படிக் காத்திருந்தவர்தான். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்க்கப்படாத விஷயம். அவரும் கணவரும் குன்னத்தூரில் மக்காச்சோளக் காட்டை ஒட்டி ஒரு கொட்டகையில் நாலு ஹெட் மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்தார்கள். முதல் தடவை நாலு நாள் பேசாமல் காத்திருந்து வாங்கிப் போனார். இரண்டாவது தடவையிலிருந்து கெஞ்ச ஆரம்பித்தார். இன்றைக்கே வேண்டும், ஆர்டர் நிற்கிறது, கூலி ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கெஞ்சினால் எனக்குத் தாங்காது. 'இவர் ஒருத்தருக்கு மட்டும்' என்று அன்றைக்கே, அதே ஆயிரத்து இருநூறுக்கே கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டு, நான் எவ்வளவு இரக்கமுள்ளவன் என்று ஒரு டீ குடிப்பேன்.

இதே சமயத்தில் இன்னொரு ஆச்சரியமும் நடந்தது. பெரிய கம்பெனிகளின் போர்டுகள் எல்லாம் திடீரென்று ஆரோக்கியமாகிவிட்டன. மாதம் எட்டுப் பத்து என்று வந்துகொண்டிருந்தவை ஒன்று, இரண்டு என்று குறைந்தன. கரண்ட் திருந்திவிட்டதென்றே நினைத்தேன்.

இரண்டு மெரூன் புள்ளிகளைப் பார்த்த அந்தக் காலையில்தான் இரண்டும் ஒரே விஷயம் என்று மண்டையில் உறைத்தது.

குன்னத்தூர் பஸ்

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. சரிசெய்து கொடுத்தேன். ஆயிரத்து இருநூறை வாங்கினேன். "நீங்க நல்லா இருக்கோணும்ணா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் குன்னத்தூர் பஸ் ஏறினேன்.

கொட்டகை வாசலில் ஒரு வெள்ளை கார் நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்த கார்.

உள்ளே பிளாஸ்டிக் சேரில் சிவராஜ் மோர் குடித்துக்கொண்டிருந்தார். மடியில் போர்டு. என்னைப் பார்த்ததும் டம்ளர் உதட்டிலேயே நின்றுவிட்டது.

"அட, டேவிட்டுங்களா! என்னுங்க இந்தப் பக்கம்?"

"நீங்க என்ன சார் இந்தப் பக்கம்?"

"சும்மாதானுங்க. நம்ம ஒறம்பரை ஊடு. சொந்தம் பாக்க வந்தேன்."

மிஷின் பின்னாலிருந்து கலாமணியக்கா எட்டிப் பார்த்தார். அதிர்ச்சி அவர் முகத்தில் ஒரு நொடிதான் இருந்தது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஒறம்பரையெல்லாம் இல்லீங்ணா. போர்டு வாங்க வந்திருக்காரு. உக்காருங்க, மோர் கொண்டாறேன்."

ஜன்னல் திட்டில், முறத்துக்குப் பக்கத்தில், நியூஸ் பேப்பரில் சுற்றிய போர்டுகள் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஆறு. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி, எந்தக் கம்பெனி என்று பேனாவில் எழுதியிருந்தது. என் கடையைவிடச் சுத்தமான ஏற்பாடு.

"எவ்வளவு வாங்கறீங்க?" என்றேன், அவர் நீட்டிய மோரை வாங்கிக்கொண்டு.

"இவருகிட்ட மூவாயிரமுங்க. பல்லடத்துக்காரருகிட்ட ரெண்டாயிரம்."

சிவராஜ் நிமிர்ந்தார். "என்னது? அவனுக்கு ரெண்டாயிரமா?"

"அவரு தறி ஓட்டிட்டிருந்தவருங்க. இப்பத்தான் எம்பிராய்டரிக்கு வந்திருக்காரு, பாவம். நீங்க கார்ல வர்றீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. அது தப்பாகப் போயிற்று. சிவராஜ் என் பக்கம் திரும்பினார்.

"அது கெடக்கட்டும். நீங்க இந்தம்மாகிட்ட எவ்வளவுங்க வாங்கறீங்க?"

நான் மோர் டம்ளருக்குள் பார்த்தேன். கறிவேப்பிலை மிதந்தது.

"ஆயிரத்தி இருநூறுங்க" என்றார் கலாமணியக்கா.

"ஆயிரத்தி இருநூறா! என்கிட்ட அஞ்சாயிரம் வாங்கினீங்க! ரெண்டு வருசமா அஞ்சாயிரம்!"

"சார், நீங்க எப்போ கிடைக்கும்னு கேட்டீங்க..." என்று ஆரம்பித்தேன். எனக்கே கேவலமாக இருந்தது. நிறுத்திக்கொண்டேன். சிவராஜ் போர்டை எடுத்துக்கொண்டு, இரண்டாயிரத்தை மிஷின் மேல் வைத்துவிட்டு, இரண்டு பேரையும் முறைத்தபடி கார் ஏறினார். காரின் புழுதி அடங்குவதற்குள் அவர் செல்போனை எடுத்துவிட்டதைப் பார்த்தேன்.

ஒரு ஸ்டிக்கர்

அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது.

"நீங்க இப்படிப் பண்ணலாமா அக்கா? பாவம்னுதான உங்களுக்குக் குறைச்சுக் குடுத்தேன்? அன்னைக்கன்னைக்கே செஞ்சு குடுத்தேன்?"

கலாமணியக்கா மிஷினின் பக்கவாட்டைக் காட்டினார். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. என் ஸ்டிக்கர், என் கையெழுத்து. நுனி கிழிந்து, ஓரம் அழுக்கேறியிருந்தது.

"மொதல் தடவ குடுத்த போர்டுல இருந்ததுங்க. தேதியப் பாருங்க."

பார்த்தேன்.

"அது செவ்வாக்கிழமைங்ணா. நான் குடுத்த அன்னைக்கே முடிச்சுட்டீங்க. எனக்குச் சனிக்கிழமை குடுத்தீங்க. 'இப்பத்தான் முடிச்சேன்'னீங்க. நெத்தியத் தொடைச்சீங்க."

நான் ஸ்டிக்கரின் கிழிந்த நுனியைத் தடவினேன்.

"கொழந்தைக கவுனுங்க. நெஞ்சுல வாத்து. மூவாயிரம் பீஸு. அதுதானுங்க எங்களுக்கு வந்த மொதப் பெரிய ஆர்டரு. ரெண்டு புள்ளைகள வேலைக்குச் சேத்தி வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துட்டு, ஆர்டர் குடுத்த பார்ட்டி ஆளுக வேன் கொண்டாந்து கட்டுக் கட்டா ஏத்திட்டுப் போயிட்டாங்க. இங்க தரையில ஒரு கவுனு மட்டும் உழுந்து கெடந்துச்சு. அதையும் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

குரல் ஏறவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். முதல் ஹெட் முடித்து, இரண்டாவது ஹெட்டுக்குப் போனார்.

"சண்டை போட்டிருக்கலாமே அக்கா?"

"போட்டுட்டு எங்க போறதுங்க? நீங்க ஒருத்தருதான இருக்கீங்க. அப்பறம் யோசிச்சேன். அண்ணன் ரெண்டு வெலை வெச்சிருக்காரு. நடுவுல நல்லாத்தான் எடமிருக்கு, நாம நின்னுக்கலாம்னு."

நின்றுகொண்டார். என் இரக்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்திக்கொண்டார். கம்மி விலை, அன்றைய டெலிவரி. நான் பெரியவர்களுக்கு ஐயாயிரத்துக்கு விற்ற சரக்கு, என் கையாலேயே செய்யப்பட்டு, அவர் வழியாக மூவாயிரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜெயாவும் மாடி வீட்டுக்காரரும்

வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். நாள் முழுக்கச் சட்டையில் ஓட்டை தேடுவதுதான் அவள் தொழில். வீட்டுக்கு வந்தால் என்னிடம் தேடுவாள்.

கேட்டு முடித்துவிட்டு, "இப்ப உங்களுக்கு எது வலிக்கு? செஞ்சதா, மாட்டிக்கிட்டதா?" என்றாள்.

"ரெண்டும்தான்."

"பொய். முழுசாச் சொல்லுங்க."

"மாட்டிக்கிட்டது கொஞ்சம் கூட."

"அதான பாத்தேன். அந்தப் புள்ளைங்க ரெண்டும் வேலை இல்லாம வீட்டுக்குப் போயிருக்கும்லா? அத நெனச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மாடியில் குடியிருந்தவர் காலேஜில் பொருளாதாரம் சொல்லிக் கொடுப்பவர். என் கதையைக் கேட்டு அவர் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. "இதுக்குப் புத்தகத்துலயே பேர் இருக்குங்க டேவிட். நீங்க ஏகபோகம். பண்ணினது விலைப் பாகுபாடு" என்றார். பாகுபாடு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அவர் கவனிக்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டே போனார். "ஆள் ஒருத்தராத்தான் இருக்கோணும். அது சரி. யாரு எவ்வளவு தாங்குவாங்கன்னு பிரிக்கத் தெரியோணும். அதுவும் சரி. கம்மிக்கு வாங்கினவங்க எச்சுக்குக் கொண்டுபோய் விக்க முடியாம இருக்கோணும். இங்கதான் நீங்க ஃபெயில்."

பரீட்சை பேப்பரைத் திருப்பிக் கொடுப்பதுபோல் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

ஒரே விலை

மறுநாள் முதல் செல்போன் ஓயவில்லை. சிவராஜ் சொல்லாத ஆள் பாக்கியில்லை. எல்லாப் பெரிய கம்பெனிக்காரர்களும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். யாரும் 'எப்போ' என்று கேட்கவில்லை.

வீம்பில் ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன். 'யாராக இருந்தாலும் ரூ. 2,500. அன்றே கிடைக்கும்.' இனி என்னை யார் குறை சொல்ல முடியும்? அலமாரியைக்கூட ஜெயா சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பருப்பு டப்பா அடுக்கிவிட்டாள்.

பெரியவர்கள் திரும்பி வந்தார்கள். சிவராஜ் வந்து அட்டையைப் படித்துவிட்டு, "இப்பத்தானுங்க மனுசன்" என்றார். இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிற்று. நியாயஸ்தனாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் கலாமணியக்கா. பின்னாலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஏழு பேர். எல்லாரும் நாலு ஹெட், ஆறு ஹெட் ஆட்கள். ஒரு ஆட்டோவில் அத்தனை பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

"ஏனுங்ணா, என்மேல இருக்கற கோவத்த இவங்க மேல காட்டறீங்களா?" என்றார்.

"எல்லாருக்கும் ஒரே விலை வெச்சிருக்கேன். இதுல என்னக்கா கோவம்?"

"ஒரே வெலைன்னா எங்களுக்கு ரெண்டு மடங்குங்க. சிவராஜுக்குப் பாதி. அவரு சொன்னாரா உங்ககிட்ட, எனக்கு அஞ்சாயிரம் தாங்காது, மிஷின நிறுத்தப் போறேன்னு?"

"சொல்லல."

"இந்தா, இவரு நிறுத்திட்டாரு." பின்னால் நின்ற ஒருவரைக் காட்டினார். அவர் என்னமோ தான் தப்புச் செய்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார். "பத்து நாளா போர்டு கெட்டு, மிஷின் மேல சாக்கப் போட்டு மூடி வெச்சிருக்காரு."

முதல் வருஷம், "பாத்துட்டு வர்றனுங்க" என்று போய்த் திரும்பாத அந்த ஆளைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. அவர் ரூபாய் எனக்கு வராமல் போனதைத்தான் நினைத்தேன்.

"அப்ப ரெண்டு விலை வெச்சது சரிங்கறீங்களா?"

"ரெண்டு வெலைய யாருங்க குத்தம் சொன்னா? அலமாரியத்தான் சொன்னேன்."

அரை மணி நேரம் பேசினோம். டீ வரவழைத்தேன். அவர்களே காசு கொடுத்தார்கள், நான் தடுத்தும் கேட்கவில்லை. கடைசியில் அட்டையைக் கழற்றி, பின்பக்கம் திருப்பிப் புதிதாக எழுதினேன். ஆறு ஹெட் வரை ஆயிரத்து இருநூறு. அதற்கு மேல் நாலாயிரம். இருவருக்குமே அன்றைக்கே. மிஷினை ஒரு தடவை நானே நேரில் போய்ப் பார்த்து, போர்டின் நம்பரைக் குறித்துக்கொள்வேன். அந்த நம்பர் இல்லாத போர்டை யார் கொண்டுவந்தாலும் நாலாயிரம்தான்.

"இது உங்களுக்குத்தான் அக்கா" என்று கடைசி வரியைக் காட்டினேன்.

"தெரியுதுங்க" என்று சிரித்தார். "நம்ம யாவாரத்த மூடிட்டீங்க."

சிவராஜ் புதிய அட்டையைப் படித்துவிட்டுக் கத்தினார். "எங்களுக்கு மட்டும் ஏனுங்க எச்சு?" "உங்களுக்கு இருபது ஹெட் ஓடுது சார்" என்றேன். "இது அநியாயமுங்க" என்றார். இருக்கலாம். ஆனால் கொடுத்தார். வேறு ஆள் இல்லையே! நான் திருந்தினேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாதிதான் திருந்தினேன்.

கண்ணாடிக் கடை

அது ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு மெயின் ரோட்டில் ஒரு புதுக் கடை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏ.சி., டை கட்டிய இன்ஜினியர். போர்டை வைத்தால் கோளாறு எங்கே என்று தானே சொல்லும் மிஷின்கூட இருக்கிறதாம். திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாவிக்கொத்து கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் என் கடைக்கு ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. சால்டரிங் அயர்னைச் சூடேற்றி வைத்து, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றினேன். "செக்கிங்ல ஆள் எடுக்காங்க, வாரீகளா?" என்று ஜெயா கேட்டாள். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் கலாமணியக்கா வந்தார். வந்தவர் ஸ்டூலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். போர்டை மேஜையில் வைத்தார். நம்பரைப் பார்த்தேன். அவருடையதுதான்.

"எவ்வளவுங்ணா?"

"தெரியாதாக்கா? ஆயிரத்து இருநூறு."

"அங்க தொள்ளாயிரம்னாங்க."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சியிருக்கிறார், கும்பிட்டிருக்கிறார், ஏமாற்றியிருக்கிறார், சண்டைக்கு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். பேரம் பேசியதே இல்லை.

"தொள்ளாயிரத்துக்கு அவங்க சாமான் மட்டமா போடுவாங்க அக்கா."

"ஏ.சி. போட்டு வெச்சிருக்காங்க, சாமான் மட்டமாவா போடுவாங்க? எண்ணூறுன்னா சொல்லுங்க. இல்லீன்னா பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

"எண்ணூத்தம்பது."

"எண்ணூறுங்க."

"சரி, குடுங்க."

முப்பத்தைந்து நிமிஷத்தில் முடித்தேன். ஐந்து நிமிஷம் வேகமாகவே செய்தேன் போலிருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இடையில் யாருக்கோ போன் செய்து, "இங்க எண்ணூறுக்கே செய்யறாருங்க, வாங்க" என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னதுபோல் இருந்தது.

நூறு ரூபாய் நோட்டுகள் எட்டைக் கொடுத்துவிட்டு, போர்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, அந்தக் கண்ணாடிக் கடை எங்கிருக்குதுங்க? ஊரே சொல்லுது, நான் இன்னும் கண்ணுல பாக்கவே இல்லீங்க."

"நேரா போயி, ரெண்டாவது திருப்பத்துல வலது பக்கம்" என்று நான்தான் வழி சொன்னேன்.